மடக்குக் கத்தி: பளபளப்பா, மங்கலா, கறுப்பா?

ஒரே மடக்குக் கத்தி நான்கு விதமாக விற்பனைக்கு வருகிறது. பிடி ஒன்று, நீளம் ஒன்று, எஃகும் ஒன்று. ஓர் அலகு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இன்னொன்றில் மயிரிழைக் கோடுகள் ஓடுகின்றன. மூன்றாவது வெளுத்த ஜீன்ஸ் மாதிரி மங்கல். நான்காவது கன்னங்கரேல். விலையும் வேறு வேறு. முதல் கத்தி வாங்குகிறவர் கண்ணுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போவார். மூன்று மாதம் கழித்து அலகில் பழுப்புப் புள்ளி விழுந்ததும் எஃகு மட்டமானது என்று திட்டுவார். பல நேரம் எஃகின் மேல் தப்பிருக்காது. அந்த எஃகுக்கு அந்த ஃபினிஷ் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஃபினிஷ் என்றால், அலகின் இரண்டு பக்கங்களையும் கடைசியில் எந்த நிலையில் விட்டார்கள் என்பது. அதற்கு மூன்று வழிகள்தான். எஃகையே தேய்த்தோ இடித்தோ ஒரு பரப்பைக் கொண்டுவரலாம். கண்ணாடி மெருகு, ஸாட்டின், ஸ்டோன்வாஷ், பீட் பிளாஸ்ட் எல்லாம் இந்த வகை. எஃகின் மேல் வேறொரு பொருளைப் படியவைக்கலாம். பெயின்ட், டைட்டானியம் நைட்ரைடு, டிஎல்சி எனப்படும் கடினமான கார்பன் படலம் இந்த வகை. இல்லையென்றால் அமிலத்தைக் கொண்டு எஃகைக் கறுக்க வைக்கலாம்.

எதை எடுத்தாலும் ஒன்று மாறாது: வெட்டுகிற வாய்க்கு ஃபினிஷ் கிடையாது. கறுப்புப் பூச்சு போட்ட கத்தியை வெளிச்சத்தில் பாருங்கள், வாயோரமாக ஒரு வெள்ளிக் கோடு தெரியும். சாணை பிடித்த பட்டை அது, முழுக்க வெற்று எஃகு. பூச்சோடு விற்றாலும் முதல் சாணையில் அங்கே பூச்சு போய்விடும். ஆகவே கூர்மை, கூர் நிற்கும் காலம் இரண்டும் எஃகையும் பதத்தையும் வாய் எவ்வளவு மெலிதாக இருக்கிறது என்பதையும் பொறுத்தவை. 'துருவே பிடிக்காத பூச்சு' என்று விற்பவர் பக்கங்களைப் பற்றித்தான் பேசுகிறார்.

முதலில் எஃகைக் கேளுங்கள்

எவர்சில்வர் என்ற பெயர் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிட்டது. துருப்பிடிக்காத உலோகம் ஒன்று, துருப்பிடிக்கும் இரும்பு ஒன்று என்று இரண்டாகப் பிரித்தே பழகிவிட்டோம். கத்தி எஃகில் அப்படிக் கறாரான கோடு இல்லை. எஃகில் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் கலந்தால் அதன் மேல் தானாகவே குரோமியம் ஆக்ஸைடு படலம் ஒன்று உருவாகும். சில நானோமீட்டர் கனம்தான். கீறினாலும் காற்றுப் பட்டதும் மறுபடி மூடிக்கொள்ளும். எவர்சில்வரின் மொத்த ரகசியமும் இந்தப் படலத்தில்தான் இருக்கிறது.

ஆனால் கத்திக்குக் கடினம் வேண்டும், கடினத்துக்குக் கார்பன் வேண்டும். அந்தக் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடு துகள்களாகக் கட்டிவைத்துவிடுகிறது. கட்டுண்ட குரோமியத்தால் படலத்துக்குப் பயனில்லை. டி2 எஃகு இதற்கு நல்ல உதாரணம்: கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் எவர்சில்வர்போலத் தோன்றும். ஆனால் குரோமியத்தில் பாதிக்கு மேல் கார்பைடில் மாட்டிக்கொள்வதால், எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் விட்டால் புள்ளி விழும். சுவீடன் தயாரிப்பான 14சி28என் எஃகில் கார்பன் சுமார் 0.6 சதவீதம், குரோமியம் 14 சதவீதம், கூடவே கொஞ்சம் நைட்ரஜன். இது துருவை நன்றாகத் தாங்கும். பிரான்சின் சவோய் பகுதியில் 1890 முதல் தயாராகும் ஒபினெல் கத்தியில் 'கார்பன்', 'இனாக்ஸ்' என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையில் குரோமியத்தை நம்பவே முடியாது. இரண்டாவது எவர்சில்வர் வகை.

துருவை நன்றாகத் தாங்கும் எஃகு என்றால் ஃபினிஷை அழகுக்காகவே தேர்ந்தெடுக்கலாம். தாங்காத எஃகு என்றால் ஃபினிஷ் அழகு விஷயம் இல்லை, பாதுகாப்பு விஷயம்.

பள்ளத்தின் ஆழம்

பூச்சில்லாத ஃபினிஷ்களுக்குள் இருக்கும் வித்தியாசம் எல்லாம் மேற்பரப்பில் இருக்கும் பள்ளத்தின் ஆழம்தான். கண்ணாடி மெருகில் மேடுபள்ளம் ஒரு மைக்ரானில் (மைக்ரான் என்றால் மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) நூறில் சில பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஸாட்டினில் ஒரு மைக்ரானில் கால், அரைப் பங்கு. பீட் பிளாஸ்டில் ஒரு மைக்ரானும் அதற்கு மேலும். தலைமுடியின் கனம் 70 மைக்ரான் சுமாருக்கு இருக்கும் என்பதால் எல்லாமே அற்பமாகத் தோன்றலாம். உப்புத் தண்ணீருக்கு அது அற்பமில்லை. பள்ளம் ஆழமானால் ஈரம் தங்கும், துடைக்கிற துணி அடிவரை போகாது, உப்பு அங்கேயே காய்ந்து அடுத்த ஈரத்தில் மறுபடி கரையும். அடியில் காற்றுப் போக்கும் குறைவு என்பதால் அந்த மெல்லிய படலம் அங்கே சரியாக மூடிக்கொள்வதும் இல்லை.

அதனால்தான் பீட் பிளாஸ்ட் கத்திக்குக் கெட்ட பெயர். கண்ணாடி மணிகளையோ மணல்போன்ற துகளையோ காற்றழுத்தத்தில் அலகின் மேல் வீசி அடிக்கிறார்கள். அரைத்த கோடுகள், சிறு குறைகள் எல்லாம் ஒரே அடியில் மறைந்து சீரான சாம்பல் நிறம் வந்துவிடும். செலவு குறைவு, நேரம் குறைவு, ஆகவே மலிவுக் கத்திகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். வெளிச்சம் பட்டுக் கண் கூசாது என்பது இதன் நல்ல குணம். ஆனால் பூச்சில்லாத நான்கிலும் முதலில் துருப்பிடிப்பது இதுதான். டி2 அலகில் பீட் பிளாஸ்ட் என்றால், கடலோர ஊரில் இருப்பவர் அதைத் தவிர்ப்பதே நல்லது.

கண்ணாடி மெருகு இதற்கு நேர் எதிர். துரு பிடிக்க எளிதில் இடம் கொடுக்காது. கை ரேகையும் கீறலும் மட்டும் ஒன்றுவிடாமல் தெரியும். அட்டைப்பெட்டியை நான்கு முறை கிழித்தால் போதும், பரப்பில் மெல்லிய கோடுகள் விழுந்துவிடும். அட்டையில் தூசும் மணலும் ஒட்டியிருக்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், பதம் வைத்த எஃகைவிடக் கடினமானது. ஈரமான உருளைக்கிழங்குத் துண்டு இந்தப் பரப்பில் வெற்றிடம் பிடித்த மாதிரி ஒட்டிக்கொள்வதும் உண்டு. காட்சிக்கு வைக்கிற கத்திக்குக் கண்ணாடி மெருகு அழகு. தினமும் சட்டைப்பையில் சாவியோடு கிடக்கிற கத்திக்கு வேண்டாம்.

நடுவில் நிற்பது ஸாட்டின். உப்புத்தாள் பட்டையில் ஒரே திசையாகத் தேய்த்த கோடுகள். கோடு முதுகிலிருந்து வாயை நோக்கி ஓடினால் அது பெரும்பாலும் இயந்திர ஸாட்டின். பிடியிலிருந்து நுனியை நோக்கி நீளவாக்கில் ஓடினால் கையால் தேய்த்தது. நேரம் பிடிக்கும் வேலை என்பதால் விலையும் கூடும். ஸாட்டினின் பெரிய வசதி, பழுதானால் நீங்களே சரிசெய்துகொள்ளலாம். மற்ற எந்த ஃபினிஷுக்கும் இந்த வசதி இந்த அளவுக்குக் கிடையாது.

ஸ்டோன்வாஷ் பெயரில் துவைப்பது இருக்கிறதே தவிர, நடப்பது உருட்டல். சாணை பிடிக்காத அலகுகளைச் சிறு செராமிக் துண்டுகளோடும் கொஞ்சம் தண்ணீரோடும் அதிரும் தொட்டியில் போட்டு உருட்டுவார்கள். துண்டுகள் எல்லாத் திசையிலும் மோதி, குறுக்கும் நெடுக்குமாக எண்ணற்ற சிறு தடங்களைப் பதிக்கும். பீட் பிளாஸ்டைப்போல இது கூரான குழிகளைத் தோண்டாது. மேடுகளை மழுக்கிவிடுகிறது, ஆகவே துருவை அதைவிட நன்றாகத் தாங்கும். இன்னொரு லாபம்: ஏற்கெனவே ஆயிரம் கீறல் இருக்கும் இடத்தில் ஆயிரத்தோராவது கீறல் கண்ணில் படாது. ஐந்து வருடம் கழித்தும் வாங்கிய நாள் மாதிரியே இருக்கும் ஃபினிஷ் எது என்று கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லலாம்.

இதற்கு ஒரு கறுப்புத் தம்பியும் உண்டு. அலகை முதலில் ஃபெரிக் குளோரைடில் முக்கிக் கறுக்க வைத்து, பிறகு உருட்டி எடுப்பார்கள். மேடுகள் வெளுத்துப் பள்ளங்களில் கறுப்பு நிற்கும். சர்க்யூட் போர்டு அரிக்க சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வாங்குகிற அதே திரவம்தான். வீட்டில் முயல்பவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்: எடுத்த பிறகு ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் நன்றாகக் கழுவி அமிலத்தை முறிக்காமல் விடுவது. மறுநாள் காலை அலகு செம்பழுப்பாகிக் கிடக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே வேண்டாம்.

பூச்சுகள்: கனமும் கடினமும்

கறுப்பு அலகு எல்லாம் ஒரே கறுப்பு இல்லை. விலைப் பட்டியலில் வெறுமனே 'பிளாக் கோட்டிங்' என்று மட்டும் போட்டிருந்தால் பெயின்ட் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பெயின்ட் வகையில் நல்ல தரம் செராகோட். செராமிக் கலந்த பூச்சு. தெளித்து, சுமார் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சுட்டு எடுப்பார்கள். கனம் 25 மைக்ரான் வரை வரும். துருவை அருமையாகத் தடுக்கும், கீறலைத்தான் தாங்காது. கனத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. பக்கத்துக்கு 25 என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ. வாய்க்குச் சற்றுப் பின்னால் மடக்குக் கத்தியின் கனமே அரை மி.மீ. அளவுதான். பத்தில் ஒரு பங்கு கனத்தைப் பூச்சே கூட்டிவிடுகிறது, சொரசொரப்பு வேறு. அட்டையை நீளமாகக் கிழிக்கும்போது இழுத்துப் பிடிப்பது கையில் தெரியும். மட்டமான பெயின்ட் பொட்டுப்பொட்டாக உதிரும். பழம் நறுக்குகிற கத்திக்கு அது ஆகாது.

டைட்டானியம் நைட்ரைடு உங்களுக்குத் தெரியாததில்லை. ஹார்டுவேர் கடையில் தங்க நிறத்தில் தொங்கும் துளைப்பான் முனைகளின் மேல் இருப்பது அதுதான். வெற்றிட அறையில் ஆவியாக்கிப் படியவைப்பது. டிஎல்சி என்பது வைரத்தின் கட்டமைப்பைப் பாதி ஒத்த கார்பன் படலம், கறுப்பு. இரண்டின் கனமும் சில மைக்ரான்தான், வெட்டும்போது கைக்குத் தெரியாது. கடினம் வேறு உயரத்தில் இருக்கிறது: விக்கர்ஸ் அளவில் பதம் வைத்த கத்தி எஃகு 700 சொச்சம், மணல் 1000 சொச்சம், இவை 2000-க்கு மேல். மணல் எஃகைக் கீறும், இவற்றைக் கீறாது.

டிஎல்சி அலகில் வெள்ளையாகக் கோடு விழுந்துவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. முதலில் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். பல நேரம் அது கீறலே இல்லை. பூச்சு அவ்வளவு கடினமாக இருப்பதால் எதிரே உரசிய சாவியோ ஸ்டேப்பிள் கம்பியோதான் தேய்ந்து, அந்த உலோகம் அலகின் மேல் அப்பிக்கொண்டிருக்கும். ரப்பருக்குப் போய்விடும். போகாத கோடு என்றால்தான் கீறல்.

இவற்றின் பலவீனம் ஊசித்துளை. ஆவியில் படிந்த படலத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இருக்கும். அடியில் துருப்பிடிக்கிற எஃகு என்றால் ஈரம் அந்தத் துளை வழியாக இறங்கி ஒரே புள்ளியில் ஆழமாக அரிக்கும். டி2-வின் மேல் டிஎல்சி நல்ல பொருத்தம்தான், ஆனாலும் துடைப்பதை நிறுத்திவிடக் கூடாது. இன்னொன்று, திறந்த அலகைப் பிடிக்குள் இருக்கும் தகடு பூட்டிப் பிடிக்கிற லைனர் லாக், ஃப்ரேம் லாக் வகைக் கத்திகளில் பூட்டுத்தகட்டில் உள்ள சிறு குண்டு அலகின் அடியில் உரசிப் பிறை வடிவில் ஒரு தடம் போடும். பெயின்ட் அலகில் இந்தத் தடம் சில நாளிலேயே வந்துவிடும். அது குறையில்லை, கத்தியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

தானே வரும் கறுப்பு

வாழைப்பூ நறுக்கிய இரும்பு அரிவாள்மனை கறுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்குப் பட்டினா என்பதை விளக்கவே வேண்டாம். வாழைப்பூவிலும் வாழைக்காயிலும் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து நீலக்கறுப்பாகப் படிகிறது. மாங்காய், எலுமிச்சை, வெங்காயம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயலைக் கொடுக்கும். ஒபினெல் கார்பன் கத்திக்கும் ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி மடக்குக் கத்திக்கும் இதுதான் இயற்கையான ஃபினிஷ். சாம்பல், நீலம், கறுப்பு வந்தால் நல்லது. அந்தப் படிவு செந்துருவை ஓரளவு தள்ளிப்போடும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் நிறம் ஏறினால் அது துரு, உடனே எடுக்க வேண்டும்.

காத்திருக்கப் பொறுமையில்லையென்றால் வினிகரில் ஒரே மாலையில் வரவைக்கலாம். அலகைப் பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவித் துடையுங்கள். கைரேகை இருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். வெதுவெதுப்பாகச் சூடுசெய்த வெள்ளை வினிகரை உயரமான கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, அலகை மட்டும் முக்கி நிறுத்துங்கள். பிடியும் ஆணியும் வெளியே இருக்க வேண்டும். சிறு குமிழிகள் கிளம்பும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து, மேலே படிந்த மைபோன்ற கறுப்பை ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி முக்குங்கள். அரை மணி நேரத்தில் சீரான கருஞ்சாம்பல் வந்துவிடும். ஆப்பசோடாத் தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் தடவுங்கள். வாயும் கொஞ்சம் அரிபட்டிருக்கும், ஆகவே சாணையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஊறவிடுவதுதான் வழக்கமான தப்பு, அலகு குழிகுழியாகிவிடும். எவர்சில்வர் அலகில் இதைச் செய்து பயனில்லை, நிறம் ஏறாது.

புதுக் கார்பன் அலகால் ஆப்பிள் நறுக்கினால் பழம் கறுக்கும், நாக்கில் இரும்பு வாடை தட்டும். பட்டினா முற்றிய பிறகு இது குறைந்துவிடும். புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கும் பழக்கம் உள்ள வீட்டில் அந்தக் கத்தியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். புளி பட்டினாவை வழித்தெடுத்துவிடும்.

ஸாட்டினைத் தானே புதுப்பிக்க

தேவை 400, 600, 800 எண் வாட்டர்ப்ரூஃப் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், ஒரு மரப்பலகை, ஒரு கிளாம்ப், கொஞ்சம் மெஷின் எண்ணெய். வாயின் மேல் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். இது அலகைக் காக்க இல்லை, விரலைக் காக்க. கத்தியைத் திறந்து பூட்டி, அலகைப் பலகையில் படுக்கவைத்து, தேய்க்கும் இடம் மறையாதபடி கிளாம்ப் போடுங்கள். தாளைக் கட்டையான ரப்பர்த் துண்டில் சுற்றிக்கொண்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிடிப் பக்கமிருந்து நுனிக்கு ஒரே இழுப்பாக இழுங்கள். நுனி தாண்டியதும் தூக்கி எடுத்துத் திரும்ப ஆரம்ப இடத்தில் வையுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் கை திரும்பும் இடத்தில் கோடு தூண்டில் முள்போல வளைந்து நிற்கும். அந்த வளைவு 800 எண் வரை போனாலும் மறையாது, மறுபடி 400-இலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பதம் வைத்த எஃகு தாளை வேகமாகத் தின்றுவிடும். பழைய துண்டையே அழுத்தித் தேய்ப்பதைவிடப் புதுத் துண்டு மாற்றுவது நல்லது. 600-இல் தேய்த்து 400-இன் கோடு முழுதும் மறைந்த பிறகே 800-க்குப் போங்கள். சன்னல் வெளிச்சத்தில் அலகைச் சாய்த்துப் பார்த்தால் மிச்சம் இருக்கும் தடித்த கோடு மின்னிக் காட்டிக்கொடுக்கும். 800-க்கு மேல் போக வேண்டியதில்லை.

இரும்பு நாரால் மட்டும் எந்த அலகையும் தேய்க்காதீர்கள். நாரின் பொடி கோடுகளுக்குள் மாட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பார்ப்பதற்கு அலகே துருப்பிடித்த மாதிரி இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் வரும் செம்புள்ளிகள் பலவும் இப்படி வந்தவைதான்.

அப்படியானால் எதை வாங்குவது

முதல் கத்தி, எல்லா வேலைக்கும் என்றால் எவர்சில்வர் வகை எஃகில் ஸ்டோன்வாஷ். பழம் காய்கறிக்கு அதிகம் போகும் என்றால் அதே எஃகில் மென்மையான ஸாட்டின்; கழுவுவது சுலபம். விலைக்காக டி2 வாங்குகிறீர்களா, டிஎல்சி அல்லது ஸ்டோன்வாஷ் எடுங்கள், பீட் பிளாஸ்டை விட்டுவிடுங்கள். மீன்பிடிக்கவும் படகிலும் கொண்டுபோகிறவருக்கு எந்தப் பூச்சும் வாயைக் காப்பாற்றாது என்பதால் பணத்தை எஃகில் போடுவதே சரி. ஸ்பைடர்கோவின் சால்ட் வரிசைபோல, உப்பு நீருக்கென்றே எல்சி200என், மேக்னாகட் எஃகுகளில் வரும் கத்திகள் இருக்கின்றன. கார்பன் அலகு, தினமும் துடைக்கிற கை உள்ளவர்களுக்கு மட்டும்.

எண்ணெய் விஷயத்தில், உணவு நறுக்கும் கத்திக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். விலை குறைவு, கெட்டுப்போகாது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாளாக ஆகப் பிசினாகிக் கத்தியைத் திறக்கவிடாமல் செய்யும். துரு முதலில் ஆரம்பிப்பது நீங்கள் பார்க்கிற பக்கத்தில் இல்லை, அலகு சுழலும் ஆணியைச் சுற்றிப் பிடிக்குள் மறைந்திருக்கும் இடத்தில். கழுவியதும் மடக்கிவிடாமல், திறந்தபடியே நுனி மேலே இருக்க ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் ஆணிக்குள் தண்ணீர் தங்கிவிடும். நுனி கீழே இருக்கும்படி சாய்த்து வடியவிட்டு, ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நான்கைந்து முறை திறந்து மூடுங்கள். ஒபினெல்போல மரப்பிடிக் கத்தி என்றால் பிடியை நனைக்கவே கூடாது. மரம் ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும், காயும்வரை திறக்க வராது.